கூடுதலாக அரை ராத்தல்

எங்கள் சங்கத்தின் வரலாறு அச்சில் இப்படித் தொடங்குகிறது:
"1874, பனிக்காலம். இத்தீவில் ஒருவருக்குத்
தரிசனம் கிடைத்தது."
யாருக்கு என்று சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக இங்கே கணக்கெழுதுகிறேன்.
பழைய பேரேடுகள் என் அலமாரியில்தான்.
தரிசனத்துக்கு ரசீது இல்லை.
காப்பிக்கு இருக்கிறது.

மீனெண்ணெய்க் கறையோடு குண்வோரின் கையெழுத்து:
காப்பிக்கொட்டை அரை ராத்தல், கூடுதலாக.
வீட்டில் இன்னொருவர்.

அந்த இன்னொருவர் ரட்சிம்பா.
மடகாஸ்கர்க்காரர், பாய்க்கப்பலில் சமையல்.
ஹெல்லோய்ப் பாறையில் கப்பல் மோதிய இரவு
வலது தொடையெலும்பு இரண்டானது.
கப்பலைச் செப்பனிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.
ஆளை விட்டுவிட்டார்கள்.

வைத்தியர் படகில் வர ஒன்பது நாள்.
குண்வோர் ஆட்டுக்கு எலும்பு கட்டிப் பழகியவள்.
துடுப்பொன்றைப் பிளந்து பத்தையாக்கி
இழுத்துக் கட்டினாள்.
"ஆடு இத்தனை சத்தம் போடாது" என்றாளாம்.

அடுப்படியில் படுக்கை.
கணவன் ஓஸ்முண்ட் வலை பின்னுவான்,
அவர் முடிச்சுக்கு நூல் பிடிப்பார்.
இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது.
ஓஸ்முண்டுக்குச் சொந்தமாகவே அதிகம் கிடையாது.
பதினொரு வயது சிக்னேதான்
இரண்டு பக்கத்துச் சொற்களையும்
கோழிக்குத் தீனி போலப் பாவாடையில் அள்ளித் திரிந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து
பக்கத்துவீட்டு தொர்கில்ஸ் காப்பிக்கு வந்தார்.
அவன் குடிக்கிற கோப்பை எது என்று கேட்டார்,
எனக்கு அது வேண்டாம் என்பதற்காக.

குண்வோர் பதில் சொல்லவில்லை.
ஆறு கோப்பைகளையும் ஒரே தொட்டியில் போட்டு,
கழுவி, கலைத்துக் கவிழ்த்தாள்.
பிறகு எது யாருடையது என்று
அவளுக்கே தெரியாது.

மூன்று ஞாயிறு தொர்கில்ஸ் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார்.
நான்காம் ஞாயிறு கடுங்குளிர்.
குடித்தார்.
சங்கத்தின் முதல் பொருளாளர் அவர்தான்.

வசந்தத்தில் ரட்சிம்பா நொண்டி நொண்டிக் கப்பலேறினார்.
மூன்று வருடம் கழித்து
யாரோ எழுதிக்கொடுத்த கடிதம் வந்தது.
கால் நலம். மழைக்கு மட்டும் வலிக்கிறது.
இங்கே எலும்பு முறிந்தால் முறிந்ததுதான்.
குண்வோரை அனுப்புங்கள்.

கோயிலில் கூடி வாசித்தார்கள்.
சுவிசேஷத்தைக் கேட்கிறார்கள் என்று
சபைக்கு விளங்கியது.
ஒரு போதகரை அனுப்பினார்கள்.
பதினோராம் மாதம் காய்ச்சலோடு திரும்பினார்,
நல்ல மனிதர்.

கடிதம் குண்வோரின் சமையலறை ஆணியில் தொங்கியது.
அதற்குப் பிறகு பேரேட்டில் முட்டைகள்.
ஞாயிற்றுக்கிழமை கோழி இட்டது ஆண்டவருக்கு என்று
தீவின் பெண்கள் விற்றுச் சேர்த்த சில்லறை,
ஏழு வருடம், பக்கம் பக்கமாக.
தாதிப் படிப்புக்கு, சிக்னே, பெர்கன் நகரம்.
அப்புறம் ஒற்றை வரி:
வலையில் ஓஸ்முண்டின் பங்கு, விற்றது.

துறையிலும் அவன் ஒன்றும் பேசவில்லையாம்.
பூர்ஜ மரத்தில் செதுக்கி மெழுகிட்ட
பத்தைகள் ஒரு கட்டு, மகள் கையில் கொடுத்தான்.
வேதப்புத்தகத்தை அதற்கு நடுவில் வைத்துக் கட்டினாள்,
நனையாமலிருக்க.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பு இந்தத் தீவில் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது,
நினைத்தது யார் யாரை என்றுதான்
எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை.

இப்போது அங்கே நாற்பது படுக்கை.
நடத்துகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.
நாங்கள் அனுப்புவது கொஞ்சம், கேட்கும் அறிக்கைகள் அதிகம்.
அறிக்கைகள் தாமதமாக வரும்.
தாமதிக்காமல் வருவது ஒன்று:
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
அந்தக் கரையில் விளைந்த காப்பிக்கொட்டை, ஒரு மூட்டை.
கடிதம் இருக்காது.

வரவில் எழுதினால் தணிக்கையாளர் விலை கேட்கிறார்.
செலவில் எழுத நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை.
பத்தொன்பது வருடமாக எழுதாமலே விட்டிருக்கிறேன்.

வறுத்து, அரைத்து,
அலுவலகத்தில் இருக்கிற கோப்பைகளில்
கைக்கு எது வருகிறதோ அதில் குடிக்கிறோம்.